தாண்டிப்போன நான்கு பக்கங்கள்

"மூடியை முழுசாத் திறந்து வைங்கண்ணே."

காலை பத்தரை மணி. கல்லூரி அரங்கின் மேடையில், பியானோவின் சுருதியைச் சரிசெய்து முடித்துவிட்டுத் தன் கருவிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்த ட்யூனர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். கேட்கவே கூடாது என்று மூன்று வருஷமாக எனக்குச் சொல்லிவைத்த விஷயம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே துறைத்தலைவி (நாங்கள் எல்லோரும் வெறுமனே மேடம் என்போம்) அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நல்ல ஸ்டூல் கேளு, விளக்கு கேளு, லீவு கூட கேளு. மூடிய மட்டும் கேக்காத. கூட வாசிக்கிறவங்க அதக் கேக்கக் கூடாது." வீட்டில் அம்மா இதையே வேறு மாதிரி சொன்னாள்: "வேல நிரந்தரம் ஆகுற வரைக்கும் உன் திருவாயத் திறக்காத."

பெரிய பியானோவைப் பக்கத்தில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அதன் மூடி ஒரு கதவு அளவு இருக்கும். அதைத் தாங்க உள்ளே இரண்டு குச்சிகள். நீளக் குச்சியை நிறுத்தினால் மூடி அண்ணாந்து நிற்கும், ஒலி நேராகச் சபைக்குப் போகும். குட்டைக் குச்சி என்றால் ஒரு சாண் இடைவெளி. தனியாக வாசிக்கிறவருக்கு நீளக் குச்சி. இன்னொருவருக்குத் துணையாக வாசிக்கிறவருக்குக் குட்டை, அதுவும் அவர் நேரம் நன்றாக இருந்தால். எங்கள் கல்லூரியில் செல்லோவுடன் (வயலினின் பெரிய அண்ணன், உட்கார்ந்து காலிடுக்கில் நிறுத்தி வாசிப்பது) வாசிக்கும்போது மூடியைத் திறப்பதே கிடையாது. மேலே விரிப்பு போட்டுப் பூச்சாடி வைக்காததுதான் பாக்கி.

"திறந்துரலாம்மா," என்றார் ட்யூனர் அண்ணன். "ஆனா நான் செஞ்ச வேலையும் சேந்துல்ல கேக்கும்? அதான் எனக்குப் பயம்." சிரித்தபடியே என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

பின்னால் மாப்பிள்ளை நின்றான். எங்கள் கல்லூரியில் செல்லோ வாசிப்பவன். எந்த ஒத்திகைக்கும் கடைசியில்தான் வருவான். வந்ததும் யாராவது நாற்காலி இழுத்துப் போடுவார்கள், யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள். அதைப் பார்த்து, ஒன்றாகப் படித்த காலத்தில் நான் வைத்த பெயர். அவனுக்கு அது பிடித்துப்போய்விட்டது, அதுதான் கொடுமை. கெட்டவன் என்று சொல்லமாட்டேன். கீழ்த்தந்தியில் வில்லை வைத்து ஒரே ஒரு சுரத்தை இழுத்தான் என்றால், இருமிக்கொண்டிருப்பவர்கள்கூட நிறுத்திவிடுவார்கள். ஆனால் தாளத்தை எண்ணமாட்டான். எண்ணுவது பியானோக்காரியின் வேலை என்பது அவன் எண்ணம்.

"என்ன சண்டக்கோழி, காலையிலயேவா?"

"மூடியத் திறக்கச் சொன்னேன்."

"ஐயய்யோ, நான் முங்கிப் போயிருவேன். இது லவ் பீஸு. நீ பாட்டுக்கு லாரி மாதிரி வந்து மோதினா நான் எங்க போறது?"

"லாரி ஓட்டுறது எங்கப்பா. நான் இல்ல. எனக்கு மெதுவா வாசிக்கத் தெரியும். மூடியச் சாத்தினா சத்தம் மட்டும் குறையல, தெளிவும் போயிடுது. போர்வைக்குள்ள பேசுற மாதிரி இருக்கு."

"போர்வைக்குள்ள பேசுறதுதானே லவ்வு?"

ட்யூனர் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

நான் தற்காலிகப் பணியாளர். மூன்று வருஷமாக மூன்று ஒப்பந்தம். புல்லாங்குழல்காரருக்கு, பாட்டு மாணவர்களுக்கு, நுழைவுத் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு, யாருக்கு வேண்டுமானாலும் துணைக்கு வாசிப்பேன். இந்த வருஷம் பியானோ ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெற்று ஓர் இடம் காலியானது. நிரந்தர இடம். அந்த இடத்துக்குத் தேர்வு தனியாகக் கிடையாது, இன்று மாலை நான்கு மணி நிகழ்ச்சியையே தேர்வுக் குழுவின் மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள், அதை வைத்து முடிவு என்று மேடம் சொல்லியிருந்தார். வாசிக்கப்போவது செல்லோவுக்கும் பியானோவுக்குமான ஒரு பழைய காதல் சொனாட்டா, நான்கு பகுதிகள், முப்பத்தைந்து நிமிஷம்.

அந்த சொனாட்டாவின் முதல் தாளில் இரண்டு வாத்தியங்களின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. எழுதிய மனிதருக்குத் தெரியும். அவனுடைய பகுதி பதினொரு பக்கம். என்னுடையது ஐம்பத்திரண்டு. வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் மாப்பிள்ளை கண்ணை மூடி வில்லோடு நிற்கும் படம், 'செல்லோ மாலை' என்று பெரிய தலைப்பு, அடியில் பொடி எழுத்தில் 'உடன்: பியானோ'. அவ்வளவுதான். பியானோ தானாகவே வாசித்துக்கொள்ளும் போலிருக்கிறது.

சத்தம் கேட்டு மேடம் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல், முதுகு இன்னும் நிமிர்ந்துதான் இருக்கும். மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

"சொன்னீங்க மேடம். இன்னிக்கு அவங்க கேக்க வர்றது என்னையும் சேத்துத்தான். கதவுக்கு அந்தாண்ட நின்னு பரீட்ச எழுதச் சொன்னா எப்படி?"

"குரலக் குறை."

"இதுதான் மேடம் என் குரலு."

மாப்பிள்ளை செல்லோவின் தந்தியைச் சுண்டிக்கொண்டே எங்கோ பார்த்தான். மேடம் என் கையைப் பிடித்து மேடையின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். கோபமாகப் பேசவில்லை. "கேளு. கடைசிப் பகுதியில அந்த நாலு பக்கம் இருக்குல்ல? செல்லோ சும்மா இருக்கும், நீ மட்டும் வாசிக்கிற இடம். மூடி எப்படி இருந்தாலும் அங்க உன்னத் தவிர யாரும் இல்ல. மூணு பேரும் அதத்தான் கேப்பாங்க. அது போதும்." பிறகு ட்யூனர் அண்ணனிடம் திரும்பி, "குட்டக் குச்சி போடுங்க," என்றார்.

ஒரு சாண். மூன்று வருஷச் சம்பாத்தியம்.

ஆனாலும் அந்த நான்கு பக்கத்தை அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆறு வாரமாக நான் வேறு எதையும் அவ்வளவு வாசிக்கவில்லை. இரண்டு கையும் எதிரெதிர்ப் பக்கம் பாய்ந்து, நடுவில் வந்து முட்டி, மறுபடி பிரியும். கல்லூரி அறை கிடைக்காத நாட்களில் வீட்டுப் பியானோவில் வாசிப்பேன். அது அப்பா கொண்டுவந்தது. அப்பாவுக்கு வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் லாரி ஓட்டும் வேலை. யாரோ புது வீட்டுக்குக் குடிபோகும்போது, இந்தக் கட்டையை எங்கேயாவது போட்டுவிடுங்கள் என்று சொன்ன பியானோவை, அப்பாவும் இன்னும் மூன்று பேரும் எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. நான்கு கட்டைகள் இன்றைக்கும் பேசாது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், அதுவும் இந்தப் படிப்புக்கு. பெரியப்பா இன்னமும் கேட்பார்: "அதுக்கெல்லாம் டிகிரி குடுக்குறானா?"

மூன்றே முக்காலுக்குச் சபை நிறைந்துவிட்டது. பக்கம் புரட்ட ஆள் கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. நானே புரட்டிக்கொள்ள வசதியாகத் தாள்களின் மூலைகளை மடித்து வைத்தேன். மாப்பிள்ளைக்கு முன்னால் தாளே இல்லை. மனப்பாடமாக வாசிக்கப்போகிறானாம். தாள் தாங்கி இருந்தால் படத்தில் முகம் மறைகிறது என்று காலையில் சொன்னான். வேடிக்கையாகச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

முதல் இரண்டு பகுதிகளும் நன்றாகப் போயின. பொய் சொல்லமாட்டேன், மூன்றாவது மெதுவான பகுதியில் நான் வேலையை மறந்தேன், குழுவை மறந்தேன், குட்டைக் குச்சியையும் மறந்தேன். அந்தப் பகுதியில் மெட்டு முதலில் பியானோவுக்குத்தான். ஒருவர் தனக்குத்தானே ஒன்றைச் சொல்லிப்பார்ப்பதுபோல எட்டு வரி. அப்புறம்தான் செல்லோ அதையே எடுத்துக்கொள்ளும், நான் அடியில் சின்னச் சின்னதாகக் கேள்வி கேட்பேன், அது பதில் சொல்லும், சில இடத்தில் சொல்லாமல் விடும். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்து மூச்சை இழுத்தான். நானும் அதே நொடியில் இழுத்தேன். அந்த ஏழு நிமிஷம் அவனும் நானும் ஒரே அளவு எழுத்தில் இருந்தோம்.

பிறகு கடைசிப் பகுதி. அதில் செல்லோவின் பெரிய மெட்டு இரண்டு தடவை வரும். இரண்டு தடவையும் ஒரே மாதிரி மேலே ஏறும். முதல் தடவை ஏறியதும் செல்லோ உச்சியில் நின்று ஓய வேண்டும், அங்கே என் நான்கு பக்கம் தொடங்கும். இரண்டாம் தடவை ஏறினால், நிற்காமல் இறங்கி முடிவுக்கு ஓட வேண்டும். இரண்டு வழியும் பிரிவது ஒரே ஒரு சுரத்தில். தாள் முன்னால் இருந்தால் குழந்தைக்கும் தெரியும்.

மாப்பிள்ளை முதல் தடவையே இறங்கிவிட்டான்.

கண்ணை மூடிக்கொண்டு, சுவரொட்டியில் இருப்பதுபோலவே, முடிவை நோக்கி ஓடினான். என் வலக்கை நான்கு பக்கத்தின் முதல் சுரங்களுக்காக ஏற்கெனவே தூக்கியாகிவிட்டது. இடக்கை பழைய இடத்தில் விழுந்தது. ஒரே ஒரு அடி, இரண்டு வாத்தியமும் முட்டிக்கொண்டு ஒரு அபஸ்வரம். அடுத்த அடியில் நான் அவனோடு இருந்தேன். யோசிக்கவில்லை. கை தானாகத் தாண்டியது. அவன் எங்கே போகிறான் என்று காது சொன்னது, முடிவு எனக்கு மனப்பாடம், மூன்று அடிக்குப் பிறகு மூச்சு விட்ட இடத்தில் இடக்கையால் ஐந்து தாள்களைச் சேர்த்துப் புரட்டினேன். அந்த நாலு பக்கமும், மெட்டு இரண்டாம் தடவை வரும் பக்கங்களும் கத்தைக்குள் மடிந்து போயின.

முடித்தோம். சபை எழுந்து நின்றது. மாப்பிள்ளை நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான், பிறகு பெருந்தன்மையாக என் பக்கம் கையை நீட்டினான். நானும் குனிந்தேன். முன்வரிசையில் மூன்று பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைக் கேட்க வந்த இடம் வரவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் உள்ள அறைக்குக் குழுத்தலைவர் வந்தார். வயலின் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "பிரமாதம். கடைசியில மட்டும் ஒரு இடத்துல பியானோ கொஞ்சம் இடறிச்சோ?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியம்: 'சார், அது என்னால ஆனது.' அவ்வளவுதான் அவன் சொல்ல வேண்டியது.

"விடுங்க சார்," என்றான் அவன், அழகாகச் சிரித்து. "மேடையில இதெல்லாம் சகஜம். உடனே பிடிச்சுக்கிட்டாங்க, பாத்தீங்கல்ல?"

"நான் எதப் பிடிச்சேன்னு சாருக்குச் சொல்லு."

"ஏய், விடு. நல்லபடியா முடிஞ்சுதுல்ல?"

"சொல்லு. இல்ல நான் சொல்றேன். சார், அந்த இடத்துல…"

"சார், டீ ஆறுது," என்று மேடம் குறுக்கே வந்தார். குழுத்தலைவரின் முழங்கையைத் தொட்டுத் திருப்பி அடுத்த அறைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். போகிற போக்கில் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு சுரமும் அவருக்குத் தெரியும்.

மாப்பிள்ளை செல்லோவைத் துடைக்க ஆரம்பித்தான். "மேடையில நடந்தது மேடையோட போகட்டும். நான் உனக்கு ட்ரீட் வைக்கிறேன்."

"நாலு பக்கம்டா."

"தெரியும். ஸாரி. ஏறினப்போ அது ரெண்டாந்தடவன்னு நெனச்சுட்டேன்." உண்மையாகவே வருத்தப்பட்டான், ஒரு நிமிஷம். "ஆனா நீ வந்த பாரு… எனக்கே தெரியல. செமையா வந்த."

வெளியே நடைபாதையில் அப்பா நின்றுகொண்டிருந்தார், கம்பெனிச் சட்டையோடு, தொப்பியைக் கையில் மடித்துக்கொண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐந்தரைக்கு அவருக்கு அடுத்த லோடு.

"நல்லா இருந்துச்சும்மா. பக்கத்துல ஒரு அம்மா அழுதுச்சு." கொஞ்சம் தயங்கினார். "ஏம்மா, அந்தத் தடதடன்னு போற பெரிய இடம் என்னாச்சு? நான் படுக்குற நேரம் பாத்து வாசிப்பியே, ஆறு வாரமா? சனியன், எப்ப முடியும்னு போர்வைய இழுத்து மூடிக்குவேன். இன்னிக்கு வரும் வரும்னு உக்காந்திருந்தேன். காணோமே?"

முந்நூறு பேர் உட்கார்ந்த அரங்கம். மூன்று பேர் கொண்ட குழு. ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாத லாரி டிரைவர் ஒருவர்தான் அது எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"தாண்டிட்டாங்கப்பா."

"யாரு, நீயா?"

"இல்ல."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. "வண்டி நிக்குது," என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேராக மேடம் அறைக்குப் போனேன்.

அவர் எனக்காகத்தான் காத்திருந்தார். மேஜை மேல் ஒரு தாள், பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தது.

"உக்காரு. அவங்க பேசி முடிச்சுட்டாங்க. துணைக்கு ரொம்ப நல்லா வாசிக்கிறா, தனியா எப்படின்னு தெரியல, ஒரு இடத்துல தடுமாறினா. இதான் அவங்க சொன்னது. நிரந்தரம் இந்தத் தடவ இல்ல. ஒரு வருஷம் நீட்டிச்சுக் குடுக்கச் சொல்லி நான் வாங்கியிருக்கேன். கையெழுத்துப் போடு."

"மேடம், அவங்க இன்னும் டீதான் குடிக்கிறாங்க. அரங்கத்தப் பூட்டல. அஞ்சு நிமிஷம் குடுங்க. அந்த நாலு பக்கத்தையும் இப்பவே வாசிக்கிறேன். மூடியச் சாத்தியே வைங்க, எனக்குக் கவலயில்ல."

"முடியாது."

"ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? இது எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க. அவன் தாண்டினது தெரிஞ்சிடும். அடுத்த மாசம் அவன் வெளியில ஏழு ஊர் கச்சேரிக்குப் போறான். கல்லூரி பேரே அவன நம்பித்தான் இருக்கு."

"அப்ப என்னை நம்பி?"

"உன்ன நம்பித்தான் அவன் இருக்கான்." பாராட்டாகத்தான் சொன்னார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இங்க பாரு. நான் எந்திரிச்சு நின்னு கை தட்டினேன், அவனுக்குன்னா நெனச்ச? ஒரே அடியில போய்ப் பிடிச்ச. அது யாருக்கும் சொல்லிக்குடுத்து வராது. கூட வாசிச்ச இருவத்திரண்டு வருஷத்துல நான் எத்தன பேரப் பிடிச்சிருக்கேன் தெரியுமா? பெரிய பெரிய ஆளுங்க. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அதாம்மா நம்ம தெறம."

முகத்தில் ஒளியோடு சொன்னார். கேலி இல்லை, கசப்பு இல்லை. அவர் சொன்ன எல்லாவற்றையும்விட அதுதான் என்னை நடுங்கவைத்தது. அவர் கைகள் மேஜை மேல் இருந்தன, நல்ல நீள விரல்கள். அவர் தனியாக வாசித்து நான் கேட்டதே இல்லை. யாரும் கேட்டதாகச் சொன்னதும் இல்லை.

என் கையைப் பார்த்தேன். இது என்னைக் கேட்காமல்தானே தாண்டியது? ஆறு வாரம் நான் உழைத்த இடத்தை, என் வேலையை, எல்லாவற்றையும் ஒரு அடியில் தூக்கிக் கொடுத்துவிட்டு அவன் பின்னால் ஓடியது. மூன்று வருஷத்தில் இவ்வளவு பழகியிருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் இந்த ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த நான்கு பக்கம் எங்கே என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றாது. நானும் ஒரு நாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை பேரைப் பிடித்தேன் என்று இன்னொருத்தியிடம் முகமெல்லாம் பூரித்துச் சொல்வேன்.

பேனாவின் மூடியை எடுத்து மாட்டி, தாளின் மேல் வைத்தேன்.

"என்ன பண்ற?"

"வேண்டாம் மேடம்."

"கோவத்துல பேசாத. சனிக்கிழம மறுபடி இதே சொனாட்டா இருக்கு. அதுக்கு யாரு?"

"தெரியல."

"வெளிய போய் என்ன பண்ணுவ? வீட்டுக்கு வீடு போய்ச் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுப்பியா?"

"குடுப்பேன். தனியாவும் வாசிப்பேன், எங்க கெடைக்குதோ அங்க. பத்து பேர் வந்தாப் போதும், முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும்."

"உங்க வீட்டுல இத ஒத்துக்குவாங்களா? மொதத் தலமுறையாப் படிச்சு வந்த பொண்ணு, கிடைச்ச வேலய விட்டுட்டு…"

"மொதத் தலமுறைங்கறதாலதான் மேடம் இவ்வளவு நாள் வாயச் சாத்திட்டு இருந்தேன்."

மேடம் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை. அறைச் சாவியை வளையத்திலிருந்து கழற்ற எனக்கு நேரம் பிடித்தது, நகம் உடைந்தது. மேஜையில் வைத்தேன்.

கீழே நுழைவாயிலில் மாப்பிள்ளை யார் யாருடனோ படம் எடுத்துக்கொண்டிருந்தான். என் தோளில் பையைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கி வந்தான்.

"கிளம்பிட்டியா? சனிக்கிழம ஒத்திக பத்து மணிக்கு வெச்சுக்கலாமா?"

"தாளப் பாத்து வாசி."

"சரி, பாத்து வாசிக்கிறேன். நீ பத்து மணிக்கு வந்திரு."

"நான் வரல."

"சனிக்கிழமையா?"

"சனிக்கிழமையும்."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, போக மறந்ததுபோல. "ஏய், என்ன விளையாடுற? அப்ப நான் விட்டா யாரு பிடிப்பா?"

பின்னால் யாரோ அவனை இன்னொரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் அதிகமாக இருந்தது, நடந்தே போய்விடலாம் என்று இடது பக்கம் திரும்பினேன்.